இசக்கியம்மா நின்று சொன்ன கவிதை

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மகளிர் தினத்துக்குக் கவிதைப் போட்டி வைத்து என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற நர்ஸுக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அங்கே மருத்துவ அறையில் வேலை பார்க்கும் இளம் நர்ஸ்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். "மேடம், பொண்ணுங்க நின்னு சொந்தமா கவிதை சொல்றது உங்க மெடிக்கல் ரூம்லதான் ஆரம்பிச்சுதாமே? எங்க கம்பெனியில பழைய ஆளுங்க எல்லாம் அப்படித்தான் சொல்றாங்க" என்றார்.

அது சரியில்லை. மருத்துவ அறையில் எதுவும் ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தது மண்ணூரில் ஒரு மொட்டைமாடியில். ஆரம்பித்தவளும் நான் அல்ல. ஆனால் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்தான். அந்த நர்ஸுக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டில் நர்சிங் படித்தேன். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், பெரும்பாலும் பிரசவ வார்டில். கணவர் காலமான பிறகு இரவு டியூட்டி ஒத்துவரவில்லை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். செல்போன் சார்ஜர் செய்யும் இடம். வேலை செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். தென்காசி, சங்கரன்கோவில், அருப்புக்கோட்டை என்று தெற்கேயிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். பக்கத்து ஊர்ப் பெண்களும் இருந்தார்கள்.

மருத்துவ அறை கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு எடை மெஷின். உடம்பு முடியாத பெண் முதலில் தன் உற்பத்தி வரிசையை மேற்பார்க்கும் லைன் லீடரிடம் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில் நேரம் போட்டிருக்கும். நான் காய்ச்சல், ரத்த அழுத்தம், நாடி பார்ப்பேன். மாத்திரை கொடுத்துப் படுக்க வைப்பேன். கொஞ்ச நேரம் கழித்து எழுப்பி, சீட்டில் திரும்பும் நேரத்தைப் போட்டு அனுப்புவேன். முடியாதவர்களை டாக்டர் வரும் நாளுக்கு வரச் சொல்வேன்.

டாக்டர் நடராஜன் வாரத்தில் சில நாட்கள் மட்டும் வருவார். அரசு மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். நோயாளி பேசும்போது எழுத மாட்டார். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிடுவார். பெண் சொல்லி முடித்து, வேறு ஏதும் இல்லை என்று தலையாட்டிய பிறகுதான் பேனாவைத் திறப்பார். நான் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணைப் பற்றி, "ரொம்ப பயந்த சுபாவம் சார், சும்மா வந்திருக்கா போலிருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே, "அவ என்ன சொன்னான்னு சொல்லுங்க. நீங்க என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க. என்ன நினைச்சீங்கங்கறது எனக்கு வேண்டாம்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

ஆனால் அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் பிரச்சினை. எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "வயித்து வலி சிஸ்டர்." மாதவிலக்கானாலும் வயித்து வலி, பட்டினி கிடந்தாலும் வயித்து வலி, யாராவது கண்டபடி பேசி அழுகை வந்தாலும் வயித்து வலி. மேலே ஒரு கேள்வி கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

நிறையப் பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. காரணம் தெரிந்ததுதான். ஒவ்வொரு லைனிலும் லீடர் மேஜைக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் சிவப்பு அட்டை ஒன்று தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். லைனுக்கு ஓர் அட்டைதான். அது திரும்பி வரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். டார்கெட் நெருக்கும் நாட்களில் லீடர் அட்டையை எடுத்து டிராயரில் வைத்துவிடுவதும் உண்டு. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். டாக்டரும் நானும் இதை மாதாந்திரக் கூட்டத்தில் சொன்னோம். அடுத்த மாதம் கேன்டீன் சுவரில் 'தண்ணீர் அதிகம் குடிப்போம், ஆரோக்கியம் காப்போம்' என்று அழகான போஸ்டர் ஒட்டினார்கள். அட்டை ஆணியிலேயே இருந்தது.

நான் மண்ணூரில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தேன். மாடி அறைகளில் எங்கள் கம்பெனிப் பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி இசக்கியம்மா. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். ஒல்லி. குரல் மட்டும் கனமானது. அதனாலேயே பேசும்போது வாயைக் கையால் பாதி மூடிக்கொள்வாள்.

அது மின்வெட்டு கடுமையாக இருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனதும் எல்லாரும் மாடிக்கு ஏறிவிடுவார்கள். துணி காய்ந்துகொண்டிருக்கும். டிவி இல்லை. பேச்சு தொடங்கும். ஒரு நாள் இசக்கி, லைன் லீடர் நடப்பதையும் கத்துவதையும் வார்த்தையாலேயே செய்து காட்டினாள். வெறும் கேலி இல்லை, அதில் ஒரு தாளம் இருந்தது. அடுத்த வாரம் வேறொருத்தி, அறையில் ஆறு பேருக்கு ஒரு ஜன்னல் இருப்பதைச் சொன்னாள். அப்படியே வழக்கமாகிவிட்டது. அவர்களாகவே சில விதிகள் வைத்துக்கொண்டார்கள். தாளில் எழுதி வந்து படிக்கக் கூடாது. சினிமாப் பாட்டு கூடாது. அந்த வாரம் தனக்கு நடந்ததை, தன் வாயால், எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்பவள் உட்காரும்வரை யாரும் சிரிக்கவோ கைதட்டவோ கூடாது.

பென்னலூரில் இருந்து ஸ்டெல்லா என்ற பெண்ணும் வருவாள். அவளுடைய வீட்டார் நிலம் தொழிற்பேட்டைக்குப் போய், அதற்குப் பதிலாக அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. முதல் வாரம், "இன்னா சிஸ்டர் இது, சர்ச்ல சாட்சி சொல்ற மாதிரி கீது?" என்று கேட்டாள். மூன்றாம் வாரம் அவளும் எழுந்து நின்றாள்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்பேன். கவிதையில் நல்லது கெட்டது எனக்குத் தெரியாது. உடம்பைப் பார்ப்பது என் தொழில் என்பதால் அதைத்தான் கவனித்தேன். முதல் தடவை எழுந்தவள் துப்பட்டா நுனியைத் திருகுவாள், தரையைப் பார்ப்பாள், வாக்கியத்தின் பாதியில் மூச்சு தீர்ந்துபோகும். சில வாரங்களில் கால் ஊன்றி நிற்பாள். எங்கே மூச்செடுக்க வேண்டும் என்று அவளுக்கே பிடிபடும். எதிரில் இருப்பவள் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். இசக்கி வாயிலிருந்து கையை எடுத்தது எப்போது என்று எனக்கே நினைவில்லை. ஒரு நாள் பார்த்தால் கை கீழே இருந்தது.

அந்த வருடம் கம்பெனி ஆண்டு விழாவுக்கு இசக்கி 'கவிதை' என்று பெயர் கொடுத்தாள். எச்.ஆர். மேனேஜர் வரதன் எழுதிக் காட்டச் சொன்னார். "எழுத மாட்டேன் சார், சொல்லத்தான் செய்வேன்" என்றாள். சொல்லச் சொன்னார். மழையைப் பற்றி ஒன்று சொன்னாள். நன்றாக இருக்கிறது என்று அனுமதித்தார்.

விழா அன்று சாப்பாட்டுக் கூடத்தில் மேடை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் நிர்வாகிகளும் அவர்கள் குடும்பங்களும் இருந்தார்கள். இசக்கி மைக்கை ஸ்டாண்டில் இருந்து எடுக்கவில்லை. அதன் எதிரில் நேராக நின்றாள். மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னது இது:

எங்க லைன்ல ஒரு சிவப்பு அட்டை உண்டு.
ஆணியில தொங்குனா நான் போகலாம்.
தொங்கலன்னா இன்னொருத்தி போயிருக்கா.
கை வயரப் பாக்குது, கண்ணு ஆணியப் பாக்குது.

காலையில தண்ணி குடிக்கல.
மத்தியானம் மோர் வேண்டாம்னுட்டேன்.
ஊர்ல பம்புசெட்டுல வாய வச்சுக் குடிச்சவ
இங்கன ஒரு மடக்குக்கு யோசிக்கேன்.

அப்பா போன்ல கேப்பாவ.
சாப்ட்டியாம்மா? சாப்ட்டேம்ப்பா.
தூங்குனியாம்மா? தூங்குனேம்ப்பா.
ஒண்ணுக்குப் போனியாம்மான்னு
எந்த அப்பாவும் கேக்க மாட்டாவ.
அதனால நானே சொல்லுதேன்.
போகல.

அட்டைக்குப் பேரு டாய்லெட் பாஸ்.
எனக்குப் பேரு இசக்கியம்மா.
அட்டை வெளிய போயிட்டுப் போயிட்டு வருது.
நான் நின்னுக்கிட்டே இருக்கேன்.

முடித்த பிறகும் அவள் நகரவில்லை. மாடியில் வைத்திருந்த விதிப்படி, அவள் உட்காரும்வரை கைதட்டக் கூடாது அல்லவா? பின்வரிசைப் பெண்கள் யாரும் தட்டவில்லை. எழுந்து நின்றார்கள். ஒரு வரிசை, பிறகு அடுத்தது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தார்கள். இசக்கி மேடையிலிருந்து இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகுதான் கைதட்டல் எழுந்தது. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த வாரம் மருத்துவ அறையில் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். ஒரு பெண் வந்து உட்கார்ந்து, "சிஸ்டர், போகும்போது எரியுது. நாலு நாளா இருக்கு" என்றாள். இன்னொருத்தி, "அடக்கி அடக்கி இப்ப வரவே மாட்டேங்குது" என்றாள். சுவர்ப்பக்கம் யாரும் திரும்பவில்லை. டாக்டர் அன்றைக்குப் பேனாவை வெகுநேரம் மூடியே வைத்திருந்தார்.

வரதன் என்னை அழைத்தார். கெட்டவர் இல்லை. யாரைக் கூப்பிட்டாலும் முதலில் டீ கொடுப்பவர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆய்வுக்கு வரவிருந்த சமயம் அது.

"சிஸ்டர், அந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்லன்னு தோணுது. நார்மலான பொண்ணு மேடையில இதையெல்லாம் பேசுமா? டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிடுங்க, ஓய்வு தேவைன்னு. ஊருக்கு அனுப்பி வெச்சுடலாம். அவளுக்கும் நல்லது."

டாக்டரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் இசக்கியை வரச் சொன்னார். பெயர், ஊர், கிழமை எல்லாம் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கழித்தாள்.

"அன்னிக்கு மேடையில சொன்னத எனக்கு ஒரு தடவ சொல்றியாம்மா?"

"நின்னாத்தான் சார் சொல்ல வரும்."

"நில்லு."

பேனாவை மூடி வைத்தார். அவள் முழுவதையும் சொன்னாள். அந்தச் சின்ன அறையில் அந்தக் குரல் கண்ணாடி அலமாரியில் மோதித் திரும்பியது.

"இதுல கூட்டிச் சொன்னது ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

இசக்கி யோசித்தாள். "மோரு சார். நம்ம கேன்டீன்ல மோரே ஊத்துறதில்ல. ஓசைக்காகச் சேத்தேன்."

டாக்டர் நடராஜன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சர்டிபிகேட்டில், மனநிலை தெளிவாக உள்ளது, பணி செய்யத் தகுதியானவர் என்று எழுதினார். அதற்குக் கீழே, இவருக்கும் உடன் பணிபுரிவோருக்கும் தடையின்றிக் கழிப்பறை செல்ல வசதி தேவை என்றும் எழுதிக் கையெழுத்திட்டார்.

வரதன் அதைப் படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். ஆனால் இசக்கியின் அப்பாவுக்குப் போன் போனது. அதற்குள் யாரோ செல்போனில் எடுத்த வீடியோ, புளூடூத்தில் கை மாறி மாறி அவள் ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அவர் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பதால் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த என் அறையில் உட்கார வைத்தார்கள். வரதன் வந்து மரியாதையாகப் பேசினார். "பொண்ணு பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் சொல்றேன். கொஞ்ச நாள் ஊர்ல வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இசக்கி வந்தாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பெட்டிய எடு, போவோம்."

"நான் வரலப்பா."

"ஊர்ல செல்லுல பாத்துச் சிரிக்கானுவ. பொட்டப்புள்ள பேசுத பேச்சா அது?"

"நீங்க கேட்டியளா?"

"சத்தம் சரியாக் கேக்கல. கேட்டவனுவ சொன்னானுவ."

"அப்பம் நேர்ல சொல்லுதேன், கேளுங்க."

நான் வெளியே போக எழுந்தேன். "நீங்க இருங்க சிஸ்டர்" என்றாள். கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்று சொன்னாள். மேடையில் சொன்னதைவிட மெதுவாக, ஆனால் ஒரு சொல்லையும் விடாமல். 'அப்பா போன்ல கேப்பாவ' என்ற இடத்தில் அவர் தலை நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவள் முடித்தாள். அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

"இவ அம்ம பீடி சுத்துனவ. உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டா. கேட்டா வயித்து வலிம்பா, அம்புட்டுத்தான். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகையில முத்திப் போச்சின்னுட்டாவ. என்ன செய்யுது, எங்க வலிக்குன்னு அவ வாயத் தொறந்து சொன்னதே இல்லம்மா. நானும் கேக்கல."

இசக்கிக்கு இது புதிய செய்தி இல்லை போலும். ஆனால் அப்பா அதை இன்னொருவரிடம் சொல்லி அவள் கேட்டதில்லை என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. அவர் பையைத் திறந்து, அவளுக்காகக் கொண்டுவந்திருந்த அதிரசப் பொட்டலத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். "நீ வேலையப் பாரு" என்றார். வரதன் மறுபடி வந்தபோது, "புள்ள இங்கனயே இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

பிறகுதான் ஆலைத் தலைவர் தாமே பெண்களைக் கேன்டீனில் கூட்டிப் பேசினார். ஒரு பெண்ணின் தனிப்பட்ட குறையை எல்லாருடைய குறையாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று வழக்கப்படி கேட்டார். வழக்கப்படி யாரும் எழ மாட்டார்கள் என்றுதான் அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஸ்டெல்லா எழுந்தாள்.

"சார், இசக்கி ஒருத்திதான் சொல்றான்னு நெனச்சிக்கினு கீறீங்க. எங்க வூட்டு நெலத்துலதான் சார் இந்தக் கம்பெனி நிக்குது. அங்க எங்கப்பா நெல்லு போட்டாரு, எங்கம்மா மல்லாட்ட புடுங்குச்சு. யாரும் யாராண்டயும் அட்ட வாங்கல. எங்க நெலத்துல நான் ஒண்ணுக்குப் போறதுக்கு யாரக் கேக்கணும்னு நீங்களே சொல்லுங்க சார்."

கூடம் சிரித்தது. ஆலைத் தலைவரும் சிரித்துவிட்டார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அவள் உட்கார்ந்ததும் அருப்புக்கோட்டைப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. ஒவ்வொருத்தியும் நான்கைந்து வரிதான். மாடியில் பழகியவர்கள் மட்டும் இல்லை, நான் அதுவரை குரலே கேட்டிராத பெண்களும் எழுந்தார்கள். ஆலைத் தலைவரின் சிரிப்பு முதலிலேயே நின்றுவிட்டது. பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் முடியும் பெல் அடித்தும் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை.

அந்த மாதமே அட்டைகளை எடுத்துவிட்டார்கள். லைனுக்கு ஒரு மாற்று ஆள் போட்டார்கள். ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் நின்று வேலையைப் பார்க்க. டார்கெட் குறையவில்லை. தொற்றோடு வருகிறவர்கள் குறைந்தார்கள். கவிதையால் எல்லாம் மாறியது என்று போட்டி மேடைகளில் பேசுகிறார்கள். நான் பார்த்தவரையில் ஒரு சிவப்பு அட்டை போனது. மற்றபடி, ஒரு பெண் தன் உடம்பைப் பற்றித் தன் குரலில் பேச, எதிரில் இருப்பவர் வாயடைத்துக் கேட்டார். அப்படி ஒரு தடவை நடந்துவிட்டால் அவள் பழைய மாதிரி குனிந்து உட்காருவதில்லை. இதையும் நான் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நான் 2015-இல் ஓய்வு பெறும்வரை மண்ணூர் மாடியில் ஞாயிற்றுக்கிழமைக் கவிதை நின்றுபோனதில்லை. பெண்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வேறு கம்பெனிகளுக்குப் போனவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். மின்வெட்டு போனது. கரண்ட் இருந்தாலும் மேலே ஏறினார்கள். ஸ்டெல்லா லைன் லீடரானாள். கல்யாணமான பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கவிதை சொன்னாள்.

இசக்கியின் கதை அப்படி முடியவில்லை. தெற்கேயிருந்து வந்தவர்களை முதலில் பயிற்சியாளர்களாகத்தான் எடுப்பார்கள்; அந்தக் காலம் முடிந்ததும் அவளை வேலையில் நீட்டிக்கவில்லை. அவளுடைய செட்டில் பலருக்கும் நீட்டிப்பு கிடைத்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. அவள் வரதனிடம் நேரில் போய்க் கேட்டாள். அவர் டீ வரவழைத்தார். அவள் குடிக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் போதும் என்றாளாம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

வேலையிலிருந்து போகிறவர்கள் கடைசியாக மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது நடைமுறை. இசக்கி வந்தாள். எடை பார்த்தேன், சேர்ந்தபோது இருந்ததைவிடக் கூடியிருந்தது. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எங்க போற? ஊருக்கா?"

"இல்ல சிஸ்டர். மறைமலை நகர்ல ஒரு கம்பெனியில ஆள் எடுக்காவளாம். திங்கக்கிழம இன்டர்வியூ. என்ன கேப்பாவ?"

"பெருசா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. முதல்ல உன்னப் பத்திச் சொல்லச் சொல்லுவாங்க."

இசக்கி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எவ்வளவு நேரம் குடுப்பாவ?" என்று கேட்டாள்.